அறுபதை ஒட்டி முதல் ஓட்டப்பந்தயம்: ஐந்து கிலோமீட்டரா, பத்தா?

டிசம்பர் பிறந்தால் வேலூரில் ஓட்டப்பந்தய பேனர்கள் கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். போதை ஒழிப்புக்கு ஒன்று, ரத்ததானத்துக்கு ஒன்று, கல்லூரி விழாவுக்கு ஒன்று. தூரம் எதுவானாலும் பெரிய எழுத்தில் ‘மினி மாரத்தான்’. கீழே சின்ன எழுத்தில் 5 கி.மீ., 10 கி.மீ. கோட்டைப் பக்கம் காலை நடைக்கு வருகிறவர்களில் ஐம்பத்தைந்து, அறுபது தாண்டியவர்கள் அதைப் பார்த்துவிட்டு வந்து கேட்பது இதுதான்: “பேரு குடுத்துடலாம்னு கீறேன் சார். எதுல குடுக்கிறது?”

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வயதில், இந்த ஊரில், முதல் பந்தயம் என்றால் ஐந்து. இரண்டாவதும் ஐந்தாகவே இருக்கட்டும். பத்து சிலருக்கு நன்றாகப் பொருந்தும்; அவர்கள் யார் என்று பின்னால் வருகிறேன். ஆனால் “ஐந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு, பெரியவர்களுக்குப் பத்து” என்ற எண்ணத்தில் நேரே பத்துக்குப் பணம் கட்டுகிறவர்கள்தான் பாதியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்கிறார்கள். ஐந்தை லேசாக எடை போடுவதுதான் சிக்கலின் தொடக்கம்.

வயதாகும்போது உடம்பு எதை முதலில் இழக்கிறது என்று பாருங்கள். நீண்ட நேரம் நடக்கும் தெம்பு அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. திருவண்ணாமலை கிரிவலத்தின் 14 கிலோமீட்டரை எழுபது வயதுப் பாட்டிகள் வெறுங்காலில் நடந்துவிட்டு வந்து வீட்டுவேலை பார்க்கிறார்கள். போவது வேகம். சட்டென்று விசை கொடுக்கும் தசை இழைகள்தான் முதலில் மெலிகின்றன, காலடியின் நீளம் குறைகிறது, கெண்டைக்கால் தளர்கிறது. உடல் பயன்படுத்திக்கொள்ளும் ஆக்சிஜனின் உச்ச அளவும் முப்பதுக்குப் பிறகு பத்தாண்டுக்குச் சுமார் 10 சதவீதம் என்ற கணக்கில் இறங்குகிறது. தொடர்ந்து உடலைப் பழக்குகிறவர்களுக்கு இந்த இறக்கம் மெதுவாகவே நடக்கும்.

ஐந்து கிலோமீட்டருக்கு ஒழுங்காகத் தயாராகிறவர் பழக்குவது இந்த இரண்டையும்தான்: மூச்சின் உச்சத்தையும் காலின் விசையையும். பத்துக்குத் தயாராகிறவர், அதிலும் புதியவர், பெரும்பாலும் மெதுவாக நீண்ட நேரம் ஓடப் பழகுகிறார். அதுவும் நல்லதே. ஆனால் தினமும் ஒரு மணி நேரம் நடக்கும் ஒருவருக்கு அந்தத் தெம்பு ஏற்கெனவே பாதி இருக்கிறது. இல்லாததைத் தேடிப் பெறுவது ஐந்தில்தான் நடக்கும். பேருந்தைப் பிடிக்க நாலு எட்டு வைப்பதற்கும், தடுக்கியபோது விழாமல் காலை ஊன்றிக்கொள்வதற்கும் வேண்டியது அந்த விசைதான்.

வாட்ஸ்அப்பில் ஃபௌஜா சிங் படத்தை அனுப்பி, “நூறு வயசுல மாரத்தான் ஓடினாரு, நீங்க பத்துக்கு யோசிக்கிறீங்களே” என்பவர்கள் உண்டு. 2011-ல் டொரண்டோவில் அவர் மாரத்தானை முடித்தது உண்மை, போற்றத்தக்கது. அதை முடிக்க அவருக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அது பொறுமையின் சாதனை. வேகத்துக்கு உதாரணம் வேண்டுமென்றால் கனடாவின் எட் விட்லாக். 73 வயதில், 2004-ல், மாரத்தானை 2 மணி 54 நிமிடம் 48 விநாடியில் முடித்தவர். வீட்டருகே இருந்த கல்லறைத் தோட்டத்தில் மணிக்கணக்காக மெதுவாக ஓடிப் பயிற்சி எடுத்தார். அவரே 1500 மீட்டர் தொடங்கிக் குறுந்தூரங்களிலும் விடாமல் போட்டியிட்டு, அவற்றிலும் வயதுப் பிரிவுச் சாதனைகள் வைத்தவர். நீண்ட தூரத்து மனிதர்கூடக் குறுந்தூரத்தைத் தள்ளிவைக்கவில்லை.

அடுத்தது நேரமும் வெயிலும். வேலூரில் இதைத் தனியாகக் கணக்குப் போடத்தான் வேண்டும்.

பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977-ல் ஒரு கணக்கு எழுதினார். தூரம் இரட்டிப்பானால் நேரம் இரண்டு மடங்கைவிடச் சற்றுக் கூடும், ஏறக்குறைய 2.085 மடங்கு. ஐந்தை 36 நிமிடத்தில் முடிப்பவருக்குப் பத்து 75 நிமிடம். இது இரண்டு தூரத்துக்கும் நன்றாகப் பழகியவருக்கான கணக்கு. பழகாதவருக்கு, ஏழாவது கிலோமீட்டருக்கு மேல் நடை கலந்துவிடும். 85, 90 நிமிடம் ஆகும்.

இனி நம் ஊர் நடைமுறை. நோட்டீஸில் காலை 6 மணி என்று இருக்கும். சிறப்பு விருந்தினர் வந்து, பலூன் பறந்து, கொடியசைக்கும்போது ஆறரை. ஐந்து ஓடுகிறவர் ஏழேகாலுக்குள் மோர் குடித்துக்கொண்டிருப்பார். பத்து ஓடுகிறவர் எட்டு மணிக்குத் தார்ச்சாலையில் இருப்பார். டிசம்பர், ஜனவரியில் பரவாயில்லை. காலைக் குளிர் எட்டரை வரைக்கும் தாங்கும். பிப்ரவரி கடைசியிலிருந்து நிலைமை வேறு. மார்ச்சில் மகளிர் தினத்தை ஒட்டி நடக்கும் ஓட்டங்களில் எட்டு மணி வெயில் நெற்றியில் அறையும். ஆகஸ்டில் வெயிலோடு புழுக்கமும் சேரும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. சுற்றிலும் இருக்கும் பாறைக் குன்றுகள் பகல் சூட்டை வாங்கி வைத்துக்கொள்வதால் விடியற்காலையில்கூட உடம்பு குளிராது.

வயதானவர்களுக்கு வேர்வை குறைவாகச் சுரக்கும், தோலுக்குப் போகும் ரத்தஓட்டம் குறையும், தாக உணர்ச்சி தாமதமாக வரும். அதாவது சூடு ஏறுவதும் தெரியாது, தண்ணீர் வேண்டும் என்பதும் தெரியாது. 40 நிமிட ஓட்டத்தில் இது பெரும்பாலும் தொந்தரவாவதில்லை. தொடங்குமுன் ஒரு டம்ளர் தண்ணீர் போதும். 80, 90 நிமிடத்தில் தொந்தரவாகும். நீர் பிரியும் பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் முன்னதாகவே. ஆகவே டிசம்பர், ஜனவரி தவிர மற்ற மாதங்களில் பத்து வேண்டாம் என்று நான் ஒரேயடியாகச் சொல்வது இதனால்தான்.

கழிப்பறை விஷயத்தையும் கூச்சமில்லாமல் சொல்ல வேண்டும். அறுபது தாண்டிய ஆண்களுக்குப் புராஸ்டேட் தொல்லை, பெண்களுக்கு அடக்க முடியாத தொல்லை. வழியில் ஒன்றும் இருக்காது. முக்கால் மணி நேரத்தைச் சமாளிக்கலாம். ஒன்றரை மணி நேரம் கஷ்டம். இந்த ஒரு காரணத்துக்காகவே பெயர் கொடுக்காமல் பின்வாங்கிய பெண்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு ஐந்து ஒரு நல்ல வாசல்.

பத்துக்குச் சாதகமானதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் பக்கத்துப் பந்தயங்களில் ஐந்து கிலோமீட்டர் பிரிவு பல நேரம் கணக்கில்லாத கூட்டமாக இருக்கும். நேரத்தைத் தானாகப் பதியும் சிப் கிடையாது, நேரம் குறிக்க ஆள் கிடையாது, ஓடியவருக்கெல்லாம் ஒரே பதக்கம். பத்தில்தான் நம்பர் அட்டை, சிப், முறையான நேரம். அதைவிடப் பெரிய தொல்லை பிள்ளைகள். விசில் ஊதியதும் நூறு மீட்டர் பந்தயம் போலப் பாய்வார்கள். முந்நூறு மீட்டரில் மூச்சு வாங்கி நடுரோட்டில் அப்படியே நிற்பார்கள், குனிந்து ஷூ கயிறு கட்டுவார்கள். பின்னால் வரும் அறுபது வயதுக்காரர் அவர்கள்மேல் மோதி விழுந்தால் மணிக்கட்டு எலும்பு முறியும். பத்தில் ஓடுகிறவர்கள் நிதானமானவர்கள். அவரவர் கோட்டில் போவார்கள்.

வயதுப் பிரிவிலும் குறை இருக்கிறது. ‘40 வயதுக்கு மேல்’ என்று ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள். 41 வயதுக்காரரும் 66 வயதுக்காரரும் ஒரே பரிசுக்கு ஓடினால் அது போட்டியே இல்லை. உலக மூத்தோர் தடகளத்தில் 35 வயது தொடங்கி ஐந்து ஐந்து வயதாகப் பிரிக்கிறார்கள். அவ்வளவு வேண்டாம், 60-க்கு மேல் என்று ஆண், பெண் இரண்டு பிரிவு சேர்த்தால் போதும், கூடுதலாக ஆறு கோப்பைதான் செலவு. நடத்துகிறவர்களிடம் பெயர் கொடுக்கும்போதே இதைக் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் செய்வார்கள்.

நேரம் குறிக்காத ஐந்து கிலோமீட்டர்தான் கிடைக்கிறது என்றால் மூன்றாவது வழி ஒன்று உண்டு. மைதானத்தில் 400 மீட்டர் ட்ராக்கில் பன்னிரண்டரைச் சுற்று ஓடினால் சரியாக 5 கி.மீ. நாலு பேர் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடலாம். ஒருவர் ஸ்டாப்வாட்ச் பிடித்துச் சுற்றுக் கணக்கைச் சத்தமாகச் சொன்னால் ஆயிற்று. மூன்று மாதம் கழித்து அதே ட்ராக்கில், அதே நேரத்தில் திரும்ப ஓடிப் பார்த்தால் உங்கள் முன்னேற்றம் கையில் இருக்கும். ரோட்டுப் பந்தயத்தின் ஆரவாரம் இதில் இல்லை. ஆனால் அளவு துல்லியம், மோத ஆளில்லை. ரோட்டுப் பந்தயத்துக்கு முன் இதை ஒரு முறை செய்துவிடுங்கள் என்றே சொல்வேன்.

இதயத்தைப் பொறுத்தவரை இரண்டு தூரமும் இரண்டு விதமாகச் சோதிக்கும். ஐந்தை உண்மையிலேயே முடுக்கி ஓடினால் இதயத் துடிப்பு கிட்டத்தட்ட உச்சத்துக்குப் போய் அங்கேயே நிற்கும். பத்தை மெதுவாக ஓடினால் அவ்வளவு போகாது, ஆனால் நேரம் நீளும். நெஞ்சில் அழுத்தம், படியேறும்போது இடது கை அல்லது தாடையில் வலி, காரணமில்லாத மயக்கம் ஏதாவது வந்திருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு டாக்டரைப் பாருங்கள். அதெல்லாம் இல்லாவிட்டாலும், சுகர், பிபி, புகைப் பழக்கம், குடும்பத்தில் மாரடைப்பு இவற்றில் ஒன்று இருந்தால் டி.எம்.டி. (டிரெட்மில்லில் நடக்கவைத்து இதயத்தைப் பார்க்கும்) பரிசோதனை வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு பிறகு பெயர் கொடுங்கள். சி.எம்.சி. இருக்கும் ஊரில் இதற்குச் சாக்கு சொல்ல முடியாது.

வாட்ச் காட்டும் துடிப்பை நம்பி ஓடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உச்சத் துடிப்பைக் கண்டுபிடிக்க 220-லிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு சராசரிதான். 62 வயதுக்கு அது 158 என்கிறது, 2001-ல் வந்த இன்னொரு கணக்கு 165 என்கிறது. இரண்டுமே பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் செல்லாது. எங்களோடு ஓடும் ஓர் அக்கா ஓய்வு பெற்ற நர்ஸ், அந்த வகையைச் சேர்ந்த மெட்டோபுரோலால் சாப்பிடுகிறவர். ஒருநாள் அகழி ஓரமாக ஓடிக்கொண்டிருந்தபோது வாட்சை நீட்டிக் காட்டினார்: 118. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, ஒரு வார்த்தை பேச முடியவில்லை. “இது மாத்திரை காட்டுற நம்பர்ப்பா, நான் காட்டுற நம்பர் இல்ல” என்றார், மூச்சு திரும்பிய பிறகு. துடிப்பைத் தாழ்த்தி வைப்பதுதான் அந்த மாத்திரையின் வேலை. வாட்சில் 118 என்றால் நிதானம் என்று எண்ணி அவர் இன்னும் முடுக்கியிருந்தால் ஆபத்து.

அதனால் நாங்கள் குறளை வைத்து அளக்கிறோம். ஓடிக்கொண்டே ஒரு குறளை ஏழு சீரும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் அது நிதான ஓட்டம். முதலடியின் நான்கு சீரோடு மூச்சு முடிந்தால் பந்தய வேகம். இரண்டு சீருக்குமேல் வரவில்லை என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். பத்து ஓடுகிறவர் ஏழு சீரில் தொடங்கி எட்டாவது கிலோமீட்டர் வரை அதிலேயே நிற்க வேண்டும். ஐந்து ஓடுகிறவர் முதல் இரண்டு கிலோமீட்டரை ஏழில் ஓடி, பிறகு நான்குக்கு வரலாம்.

சுகர் மாத்திரை விஷயத்தில், மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை இறங்குவது அரிது. கிளிமிபிரைடு வகையோ இன்சுலினோ இருந்தால் இறங்கும். பத்தில் இறங்கும் வாய்ப்பு கூடுதல். சட்டைப்பையில் நாலு குளுக்கோஸ் மிட்டாய் இருக்கட்டும். அன்று காலை மாத்திரையை என்ன செய்வது என்று டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள், பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டு அல்ல.

“முட்டி தேஞ்சிடும்” என்பது எல்லா வீட்டிலும் கேட்கும் பேச்சு. 2017-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்குத்தான் இடுப்பு, முட்டி தேய்மானம் இருந்தது, ஓடாதவர்களில் 10.2 சதவீதம், தொழில்முறை ஓட்டக்காரர்களில் 13.3. அளவோடு ஓடுவது முட்டியைக் கெடுக்கிறது என்று இதிலிருந்து சொல்ல முடியாது. ஏற்கெனவே தேய்ந்து வீங்கும் முட்டிக்கு இது பொருந்தாது. அவர்கள் நடையோடு நிற்பதே நல்லது. மற்றவர்களுக்கு வலி வருவது பெரும்பாலும் தூரத்தைத் திடீரென்று கூட்டுவதால். ஐந்துக்கு வாரத்துக்கு 12 முதல் 15 கி.மீ. ஓடினால் போதும். பத்துக்கு 20, 25 வேண்டும். இரண்டு ஓட்டத்துக்கு நடுவே ஒருநாள் முழு ஓய்வு வேண்டிய வயதில் 25 கிலோமீட்டரை வாரத்தில் எங்கே அடைப்பது என்பதே பத்தின் உண்மையான கேள்வி.

எங்கே ஓடுவது? கோட்டைக்குள் வண்டித் தொல்லை குறைவு, நிழல் உண்டு. ஜலகண்டேஸ்வரர் கோயில் பக்கம் கல் பாவிய தரையில் பனிக்கால ஈரம் வழுக்கும், நாய்களும் உண்டு. மைதான ட்ராக் காலுக்கு இதம், ஆனால் ஒரே பக்கம் திரும்பித் திரும்பி இடது கால் அலுத்துப்போகும். ஓரக் கோட்டில் சில சுற்று எதிர்ப்புறம் ஓடலாம், யாருக்கும் இடைஞ்சல் இல்லாத நேரத்தில். பாலாற்றுப் பாலம் பார்க்க அழகு. விடியுமுன் அங்கே ஓடக் கூடாது, லாரிகளுக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். சத்துவாச்சாரி சர்வீஸ் ரோடு ஓரம் சரிவாக இருக்கும், ஒரே ஓரத்தில் ஓடினால் இடுப்பு இழுக்கும். பந்தயம் தார்ச்சாலையில்தான் என்பதால் வாரத்தில் ஒரு ஓட்டம் தாரில் இருக்க வேண்டும்.

காலின் விசைக்கு ரத்தினகிரி, வள்ளிமலைப் படிகளைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. வாரம் ஒருமுறை, கைப்பிடி பிடிக்காமல், முழுப் பாதத்தையும் படியில் வைத்து ஏறுங்கள். இறங்கும்போதுதான் முட்டிக்குச் சுமை; மெதுவாக, ஓரத்துச் சுவரைத் தொட்டுக்கொண்டு இறங்குங்கள். வீட்டில் பல் தேய்க்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினால் கெண்டைக்கால் உறுதிப்படும். ஷூ பற்றி ஒரு வரி: விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும், பந்தயத்தன்று புதிதாக எதையும் மாட்ட வேண்டாம்.

நடுவில் நடக்கலாமா என்று தயங்கிக் கேட்கிறார்கள். தாராளமாக. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவேதான் ஓட்டமும் நடையும் கலக்கும் முறையை உலகமெங்கும் பரப்பினார். நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று களைப்பு வருமுன்பே, முதல் கிலோமீட்டரிலிருந்தே கலக்க வேண்டும். பத்துக்கு இந்த வயதில் இதை நான் கட்டாயம் என்பேன். ஐந்தில் உங்கள் விருப்பம்.

சரி, பத்து யாருக்கு? பல ஆண்டுகளாகத் தினமும் ஏழெட்டு கிலோமீட்டர் நடந்து, அதில் பாதியை ஓடவும் செய்கிறவர்களுக்கு. மூச்சு வாங்குவது பிடிக்காது, ஆனால் ஒன்றரை மணி நேரம் சலிக்காமல் போவேன் என்பவர்களுக்கு. முடுக்கி ஓட வேண்டாம், நிதானமாக எவ்வளவு வேண்டுமானாலும் ஓடலாம் என்று டாக்டர் சொன்னவர்களுக்கு. குதிகால் தசைநார் அடிக்கடி பிடித்துக்கொள்கிறவர்களுக்கும் வேகமான ஐந்தைவிட மெதுவான பத்து சில நேரம் நல்லது, ஏனென்றால் அந்தத் தசைநார் அறுபடுவது பெரும்பாலும் திடீர் விசையில்தான். இவர்கள் ஜனவரிப் பந்தயத்தைத் தேர்ந்தெடுக்கட்டும், செப்டம்பரிலேயே தொடங்கட்டும், வடகிழக்குப் பருவமழையில் விட்டுப்போகும் நாட்களையும் கணக்கில் வைக்கட்டும். பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு ஒரு முறையாவது 8 கி.மீ. ஓட்டநடையில் முடிக்காதவர், மனம் கோணாமல் ஐந்துக்கு மாற்றிக்கொள்ளலாம். கேட்டால் நம்பர் அட்டையைப் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள்.

ஐந்துக்குப் பெயர் கொடுத்தவர்களுக்குப் பந்தய நாள் குறிப்பு. முதல் நாள் இரவு ஆம்பூர் பிரியாணி வேண்டாம். இட்லியோ தயிர்சாதமோ போதும். காலையில் அரை டம்ளர் காபியும் ஒரு வாழைப்பழமும். கொடியசைப்புக்குப் பதினைந்து நிமிடம் முன்பிருந்து வேகமாக நடந்து, இரண்டு மூன்று முறை நூறடி தூரம் மெல்ல ஓடி உடம்பைச் சூடாக்குங்கள். இருபது வயதில் இது இல்லாமலும் ஓடலாம், அறுபதில் முடியாது. நிற்க வேண்டிய இடம் கூட்டத்தின் பின்பக்கம், ரோட்டின் இடது ஓரம். பிள்ளைகள் பாயட்டும். முதல் ஐந்து நிமிடத்தில் எல்லோரும் உங்களைத் தாண்டிப் போவார்கள்; மூன்றாவது கிலோமீட்டரில் அவர்களில் பாதிப் பேரை நீங்கள் தாண்டுவீர்கள். கடைசி முந்நூறு மீட்டரில் கூட்டம் கைதட்டுகிறது என்பதற்காக விரட்டி ஓட வேண்டாம், அதே மூச்சில் போங்கள். கோட்டைத் தாண்டியதும் சட்டென்று நிற்கக் கூடாது, உட்காரவும் கூடாது. ரத்தம் காலில் தங்கித் தலை சுற்றும். பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் அதிகமாக. பதக்கத்தை யாராவது கழுத்தில் போட்டாலும் நடந்துகொண்டே வாங்கிக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் நடந்த பிறகு உப்புப் போட்ட மோர், அதற்குப் பிறகு கேழ்வரகுக் கூழ்.